பூச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காற்று துளியும் இல்லை. யாழினிக்குக் கடல் காட்டுகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிவந்த பொய் இன்று ஒருவழியாகத் தீர்ந்தது. இளங்கோவின் பைக். முன்னால் அவள் அப்பா, நடுவில் அவள், பின்னால் நான். ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

கடற்கரையில் நல்ல கூட்டம். வஞ்சிரம் வறுவல் ஒரு துண்டு விலை கேட்டதும் இளங்கோ கடைக்காரரிடம், "அண்ணாத்த, மீனு மட்டும் போதும், படகு வேணாம்." அவரும் சிரித்தார், விலையைக் குறைக்கவில்லை.

நாலு மணிக்கு ஃபேக்டரியிலிருந்து போன். திருப்போரூர் ரோட்டில் எங்களுக்கு சர்க்யூட் போர்டு அடித்துத் தருகிற இடம். இறால் குஞ்சுப் பண்ணைக்கான போர்டு, அவசரம், ஞாயிறும் ஓட்டுகிறார்கள். துளை அளவில் ஏதோ சந்தேகமாம். ஃபைலில் உள்ளபடியே போடுங்கள் என்றேன். அதற்குள் யாழினி முட்டி வரை தண்ணீரில்.

பேசியது ஏழுமலை. செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்தபோது என் செட். குரலைக் கேட்டதுமே தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாளை: கேஸ் புக் செய்ய. யாழினிக்கு ஷூ. அரிசி மாவு.

ஜூலை 16, புதன்

காலையில் தூறல். ஷேர் வேன் கேளம்பாக்கம் ரோட்டில் முக்கால் மணி நேரம் நின்றது. பொத்தேரியில் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் பின் சீட்டில். "மச்சான், எங்க ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பத் தேட தனியா ஆள் வுடணும்டா." சிரித்துக்கொண்டே சிறுசேரி போய் இறங்கினேன். அதுதான் இன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

முந்நூறு போர்டும் வந்துவிட்டன. கௌரிதான் பிரித்தாள் (போன வருடம் சேர்ந்தவள், என் கீழ் வேலை பழகுகிறாள்). ஒயர் முடுக்குகிற பச்சை கனெக்டரை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. நான் அழுத்தினேன். கனெக்டரின் கால் வளைந்தது. வேறு போர்டு, வேறு கனெக்டர். அதுவும் இல்லை.

கனெக்டர் கால் 1 மி.மீ. துளை 1.1 இருக்க வேண்டும். அளந்தால் ஒன்றுக்கும் சற்றுக் கீழே. முந்நூறும் அப்படியே.

மேனேஜர் சுந்தர் சார் வந்தார். "டிராயிங்ல என்ன குடுத்தீங்க சுமதி?"

"1.1 சார்."

"அப்ப ஃபேக்டரி சொதப்பியிருக்கான்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை நான். 1.1தான் கொடுத்திருந்தேன்.

கையால் ட்ரில் போட்டுப் பெரிதாக்கிவிடலாமா என்று கௌரி கேட்டாள். துளைக்குள்ளே செம்புப் பூச்சு இருக்கிறது, அதுதான் மேல் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் இணைக்கிறது, ட்ரில் போட்டால் பூச்சு போய்விடும், போர்டு செத்துவிடும் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பெரிய மேதாவி.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று ஆரம்பம், கொடியில் காய்ந்த துணி பக்கத்து மாடியில்.

காலையில் யாரும் வருவதற்கு முன் ஃபைலைத் திறந்து பார்த்தேன். துளை அட்டவணை. தலைப்பில் "ட்ரில் அளவு" என்று இருக்கிறது. "முடிந்த அளவு" என்று இருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. போன வருடத்துப் போர்டு ஒன்றிலிருந்து அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். அது ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ளது. துளைக்குள் பூச்சு கிடையாது. போட்ட துளையும் முடிந்த துளையும் ஒன்றுதான், என்ன தலைப்புப் போட்டாலும் குடி முழுகாது. இது இரண்டு பக்கம். பூச்சு ஏறினால் துளை சுருங்கும். முடிந்த அளவு 1.1 என்று எழுதியிருந்தால் அவர்களே 1.2 ட்ரில் போட்டிருப்பார்கள். ட்ரில் அளவு 1.1 என்றதால் 1.1 ட்ரில்லையே போட்டார்கள். சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

ஏழுமலை அன்றைக்குக் கேட்டது இதைத்தான். பூச்சுக்கு முன்னாடி அளவா, பின்னாடி அளவா. கடற்கரையில் நின்றுகொண்டு அதைக் காதில் வாங்கவே இல்லை நான்.

பன்னிரண்டு வருடமாக இதே வேலை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின ஆனை பக்கத்தில் நிற்பவனைக் கை காட்டுமா?

கௌரி வந்ததும் ஃபைலை மூடிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

எல்லாரும் ஆன்லைனில். சுந்தர் சார், நான், கௌரி, அந்தப் பக்கம் ஃபேக்டரி மேனேஜர்.

ஃபேக்டரி மேனேஜர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் தப்பை ஒத்துக்கொண்டார். துளை பற்றி சந்தேகம் வந்தால் டிசைன் பக்கமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகே மெஷினில் போட வேண்டும், அது அவர்கள் விதி. போனில் கேட்டுவிட்டுப் போட்டிருக்கிறான் ட்ரில் செக்‌ஷன் ஆள். "ஆள நிறுத்தி வெச்சிருக்கோம் சார். பத்து நாள்ல முடிவு பண்ணிடுவோம். அனேகமா வேலைய விட்டு எடுத்துருவோம்."

"போன்ல யார்கிட்ட கேட்டாராம்?" என்றார் சுந்தர் சார்.

"டிசைன்ல ஒரு மேடம்னு சொல்றான். பேரு கேட்டுக்கலையாம்."

சுந்தர் சார் என்னைக் கேட்டார். "உங்களுக்கு எதுனா போன் வந்துச்சா சுமதி?"

"ஞாபகம் இல்ல சார்."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

பேர் கேட்டுக்கலையாம். என் குரல் தெரியாதா அவனுக்கு? மூன்று வருடம் ஒரே பெஞ்சு வரிசை.



ஜூலை 19, சனி

துணி காயப் போட மாடிக்குப் போனேன். என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும், வாங்கின நாளிலிருந்து அப்படித்தான். தேடினேன். இருந்தது. ஐம்பத்திரண்டு வினாடி. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

"வணக்கம் மேடம். ட்ரில் செக்‌ஷன்லேர்ந்து பேசுறேன். ஒரு சின்ன டவுட்டு கீது. அந்த ஒண்ணு புள்ளி ஒண்ணு பூச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா மேடம்? டேபிள்ல ட்ரில்லுன்னு கீது, அதான்…"

"ஃபைல்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க."

"இல்ல மேடம், ரெண்டு பக்கம் போர்டு, கனெக்டர் போவாதோன்னு…"

"ஏங்க, ஃபைல்ல இருக்கிறத பாத்துப் போடத் தெரியாதா? இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"சரிங்க மேடம். போட்டுடறேன்."

அதோடு முடியவில்லை. நான் போனை வைக்காமல் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறேன். அலைச் சத்தம். இளங்கோ குரல்: "யாரு?" என் குரல்: "யாரோ ஃபேக்டரி ஆளு. ஒண்ணும் தெரியாது இதுங்களுக்கு." இளங்கோ சிரிக்கிறார். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் இன்னும் லைனில் இருக்கிறான். பிறகு அவன்தான் வைக்கிறான்.

இதுங்க. எங்கள் அப்பாவையும் அம்மாவையும் நடவுக்குக் கூப்பிட வருகிறவர்கள் வாசலில் நின்று சொல்கிற வார்த்தை. "இதுங்க எப்பத்தான் நேரத்துக்கு வந்துருக்குதுங்க." அந்த வார்த்தையைக் கேட்டு ஆத்திரப்பட்டுத்தான் நான் படித்தேன். படித்துவிட்டு அதையே சொல்லியிருக்கிறேன், கடற்கரையில் நின்று, ஏழுமலையைப் பார்த்து.

அன்றைக்குத் தெரிந்ததாக ஏன் காட்டிக்கொள்ளவில்லை? எழுதவே கூசுகிறது. அவன் வாயால் மேடம் என்று கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

புழுக்கம். ஏ.சி. வேலை செய்யவில்லை.

ஃபேக்டரிக்கு மெயில் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். டிராஃப்டில் கிடக்கிறது. சொல்லாமல் இருப்பதற்கு இதுவரை எனக்கு நானே சொன்னவை:

- விதி விதிதான், எழுத்தில் வாங்காதது அவன் தப்பு.
- சுந்தர் சார் இப்போதுதான் டீம் லீட் போஸ்ட் கொடுத்தார். பெண்ணுக்கு எதற்கு என்று இரண்டு பேர் ஏற்கெனவே முணுமுணுத்தார்கள்.
- அவனுக்கு வேறு வேலை கிடைக்கும். கைத்தொழில் தெரிந்தவன்.
- ஆடி முடியட்டும்.

கடைசிக் காரணத்தைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆடியில் உண்மை பேசக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

கௌரி புது ஃபைல் கொண்டுவந்து, "அக்கா, துளை அட்டவணை மட்டும் செக் பண்ணிக் குடுங்க" என்றாள். அவள் முடிந்த அளவு என்று சரியாகத்தான் போட்டிருந்தாள்.

ஜூலை 25, வெள்ளி

இளங்கோவிடம் சொன்னேன். காலையில், அவர் டயர் கடைக்குக் கிளம்பும்போது. பதிவையும் போட்டுக் காட்டினேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றே கேட்டார்.

"நானும்தான சிரிச்சிருக்கேன்" என்றார்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அந்த ஆளு வூடு எங்க கீது?"

"திருக்கழுக்குன்றம் தாண்டி."

"மொதல்ல அங்க போய் நில்லு. மத்ததெல்லாம் அப்பால."

பழைய செட் குரூப்பில் ஒருத்தியைக் கேட்டு ஊர்ப் பெயர் வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். ஆடிக் கூழ் என்றேன். வாய் கூசாமல் வந்தது இதுவும்.

ஜூலை 27, ஞாயிறு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம். பஸ்ஸில் மஞ்சள் சேலைக்காரர்கள். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. தெருமுனையிலிருந்தே ஸ்பீக்கர்.

சொன்ன பொய் பலித்திருந்தது. அவன் தெருவில் நிஜமாகவே கூழ். அம்மன் கோயில் எதிரே நாலு பெரிய அண்டா. ஏழுமலை கைலியை மடித்துக் கட்டி அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தான். முன்னந்தலையில் முடி போய்விட்டது. என்னைப் பார்த்ததும் அகப்பையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க மேடம். வூட்டுக்கு வாங்க, வெயிலு."

மேடம். இந்த முறை கேட்க நன்றாக இல்லை.

தகரக் கொட்டகை போட்ட சின்ன வீடு. ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். அவன் மனைவி கஸ்தூரி கூழும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"போர்டு இன்னா ஆச்சு மேடம்? திரும்ப ஓட்றாங்களா?"

"ஓட்றாங்க."

"ட்ரில்லு ஒண்ணு புள்ளி ரெண்டு போடச் சொல்லுங்க. பிட்டு புதுசா மாத்தச் சொல்லுங்க. தேஞ்ச பிட்டு போட்டானுங்கன்னா துளை உள்ள பிசிறு வந்துரும்."

தப்பு என்னுடையது என்றேன். சுற்றி வளைக்காமல். அட்டவணை, தலைப்பு, எல்லாம்.

"தெரியும் மேடம்."

"அப்ப எம்பேர ஏன் சொல்லல?"

"எழுத்துல வாங்காதது எந்தப்புதான?"

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதான் அந்த சுமதியா? போன் பண்ணிட்டு வந்த அன்னிக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? எங்க செட்டுப் பொண்ணு, கணக்குல புலி, அது சொன்னா ரைட்டாதான் இருக்கும்னாரு. அதான் எழுத்துல கேக்காம ஓட்டிட்டாரு. வேற யாராச்சும்னா வுட்ருப்பாரா?"

"நீ சும்மா இரு கஸ்தூரி."

"இன்னா சும்மா இரு? பத்து நாளா மண்டபத்துக்கு மண்டபம் சீரியல் லைட்டு கட்டிகினு கீற."

கூழைக் குடித்தேன். தலையை நிமிர்த்தாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. தீர்ந்ததும் கஸ்தூரி இன்னொரு சொம்பு ஊற்றினாள், கோபத்தோடேயே. கோபமாக இருந்தாலும் வந்தவளுக்கு ஊற்றத்தான் வேண்டும் அவளுக்கு. அதையும் குடித்தேன்.

நாளைக்கே ஆபீஸில் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஏழுமலை வழியனுப்பத் தெருமுனை வரை வந்தான். போனில் கடைசியில் நான் சொன்னதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதை மட்டும் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

சுந்தர் சாரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப எதுக்கு இது? பண்ணைக்காரங்களுக்கு ஃபேக்டரி தப்புன்னு லெட்டர் போட்டாச்சு. புது போர்டும் ஓடுது. முடிஞ்ச கதை."

"ஒருத்தர் வேலை போகுது சார்."

"மனசு கேக்கலைன்னா கோயிலுக்குப் போயிட்டு வாங்க சுமதி."

வெளியே வந்தேன். காபி குடித்தேன். மீதி நாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததற்கு அவர் சொன்னது வசதியாகவும் இருந்தது.

பால் கார்டு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

வாராந்திரக் கூட்டம், அதே நாலு பேர். இன்னும் யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று முடிக்கப் போனார் சுந்தர் சார். மியூட்டை எடுத்தேன்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வந்தது இதுதான்: "அந்த போன் எனக்குத்தான் வந்துச்சு. ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய். அவர் சரியாத்தான் கேட்டார். நான்தான் போடச் சொன்னேன். அட்டவணைத் தலைப்பும் என் தப்பு."

கௌரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஃபேக்டரி மேனேஜர்தான் கடைசியில், "ரெக்கார்டு எதுனா இருக்கா மேடம்? எங்க ஓனருக்குக் காட்டணும்."

"இருக்கு."

"அனுப்பிவைங்க. அவனுக்கு அது போதும்."

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து பதிவைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வினாடி. அவன் "போட்டுடறேன்" என்று சொல்வது நாற்பத்திரண்டில். அதற்கு மேல் இருப்பது வேலைக்குச் சம்பந்தமில்லாதது, ஃபேக்டரிக்கு எதற்கு என்று எனக்கு நானே சொன்னேன். போனிலேயே வெட்டுகிற வசதி இருக்கிறது. கடைசிப் பத்து வினாடியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ராத்திரி மழை, காலையில் ரோடெல்லாம் தண்ணீர்.

ஏழுமலையைத் திங்களிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். கௌரி சொன்னாள். நிம்மதி என்று எழுதலாம். பாதி நிம்மதி.

எனக்கு லீட் போஸ்ட் இல்லை இனி. என் ஃபைல் எதுவும் கௌரி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது. சுந்தர் சார் மெயிலில்தான் சொன்னார், நேரில் பேசுவதில்லை. கௌரிதான் பாவம், என் அட்டவணையைத் திருத்த வரும்போது, "சாரி அக்கா" என்று ஆரம்பிக்கிறாள்.

அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பத்து வினாடிதான் உறுத்துகிறது. மேனேஜர் கேட்டால் என்ன, சுந்தர் சார் கேட்டால் என்ன? கேட்க வேண்டியவன் அன்றைக்கே கேட்டுவிட்டான். அவனிடமிருந்து எதை மறைத்தேன்?

யாழினி பள்ளியில் சுதந்திர தினத்துக்கு வெள்ளைச் சட்டை. பால் கார்டு.

ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். வேன் நேரத்துக்கு வந்தது.

பதினொரு மணிக்கு ஃபேக்டரி நம்பரிலிருந்து போன்.

"வணக்கம் மேடம். ஏழுமலை, ட்ரில் செக்‌ஷன்."

"ஏழுமலை, நான் சுமதி. மேடம்னு கூப்பிடாத."

"சரிங்க மேடம்." பின்னால் மெஷின் சத்தம். "அன்னிக்கு ரெக்கார்ட எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்னாங்க. ரொம்ப தேங்க்ஸ் மேடம். நல்லா தெளிவா இருந்துச்சு. கடைசில கொஞ்சம் கட்டாயிருந்துச்சு, பரவால்ல."

உடனே அவன் வேலை விஷயத்துக்குப் போய்விட்டான். புது போர்டில் நாலு மூலையிலும் திருகுத் துளை. அதற்குள்ளே பூச்சு வேண்டுமா, வேண்டாமா?

"வேண்டாம்" என்றேன். இரண்டு முறை சரிபார்த்தது. கௌரியும் பார்த்தது. சந்தேகமே இல்லை.

"சரிங்க மேடம். அத எழுத்துல அனுப்பிடுங்க. வந்தப்புறம்தான் மெஷின்ல போடுவேன்."

நான்தான் சொல்கிறேனே என்று தொண்டை வரை வந்தது.

அனுப்பினேன். ஒரே வரி. எழுத அரை மணி நேரம் ஆயிற்று.